முதல் தும்மலுக்கு ஒரு கஷாயம்



ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துவது பெரும்பாடு. ஒரு பக்கம் ஒருவன் தும்முவான். அவன் ஓய்வதற்குள் பக்கத்து மேசைப் பிள்ளை தொடங்கிவிடும். வாரக் கடைசிக்குள் வகுப்பில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருப்பார்கள். அதற்கடுத்த வாரம் அவர்களுடைய பெற்றோரின் முறை. மழையில் செம்பனைக் குலை வெட்டப் போகும் தகப்பனாருக்கும், உரம் போடப் போகும் தாயாருக்கும் சளிக்காகப் படுத்துக்கொள்ள நேரமேது? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் சம்பளம் போயிற்று.

ஆகவே ஆளுக்கொரு வைத்தியம் நடக்கிறது. சுக்கு மல்லித் தண்ணீர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிபவர்கள் இருக்கிறார்கள். கோடாரித் தைலத்தை நெற்றியிலிருந்து பாதம்வரை பூசிவிட்டு, வீடே மணக்கப் படுப்பவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் நான் குறை கூற மாட்டேன். ஆனால், போன தடவை டாக்டர் கொடுத்து மிச்சம் வைத்திருக்கும் கிருமிக்கொல்லி மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்து இரண்டு வேளைக்கு விழுங்குகிறார்களே, அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடிவதில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்வது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது வேறொரு வைத்தியம். நம் பக்கத்து வீட்டுச் சீனர்களிடம் நெடுங்காலமாக இருப்பது. வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டும், தாவ்சி என்று சீனர் கடையில் விற்கிறார்களே அந்தக் கறுப்பு அவரையும் போட்டுக் காய்ச்சும் கஷாயம். மிகவும் மென்மையான மருந்து. ஆனால் அதற்கென்று ஒரு நாள் உண்டு. அந்த நாளைத் தவறவிட்டால் அது வெறும் சுடுதண்ணீர்தான்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் அத்தை, அதாவது என் கணவரைப் பெற்றவர். நெற்றியில் ஒரு காசளவு பொட்டும், கொசுவம் வைத்த சேலையும், தைப்பூசம் தவறாமல் பால்குடமுமாக இருக்கும் அத்தை பிறப்பால் சீனப் பெண். இது நம்மில் பலருக்கு வியப்பான செய்தியாக இருக்காது. இந்நாட்டுத் தோட்டங்களில் சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சமும், பின்னர் 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலமும் எத்தனையோ ஏழைச் சீனத் தாய்மார்களை அந்த நிலைக்குத் தள்ளின. அத்தையின் குடும்பம் முள்வேலிக்குள் அமைந்த ஒரு புதுக்கிராமத்தில் இருந்ததாம். 1955 வாக்கில், அவருக்கு 6 வயதோ 7 வயதோ இருக்கும்போது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதியரிடம் கொடுத்துவிட்டார்கள்.

கைக்குழந்தையாகக் கொடுத்திருந்தால் எதுவுமே நினைவில் தங்கியிருக்காது. பெரிய பிள்ளையாகக் கொடுத்திருந்தால் சீன மொழியாவது தங்கியிருக்கும். அத்தைக்கு இரண்டுமில்லாத வயது. கண்டனீஸ் மொழியில் இன்று அவருக்கு 10 சொற்கள் தெரிந்தால் அதிகம். ‘ச்சோங்’ என்றால் வெங்காயத்தாள், ‘தாவ் சி’ என்றால் கறுப்பு அவரை, ‘ஜோக்’ என்றால் கஞ்சி. எல்லாம் அடுப்படிச் சொற்கள். ஒருமுறை நான், “உங்களைப் பெத்தவங்க முகம் நினைவு இருக்கா அத்தை?” என்று கேட்டுவிட்டேன். “முகம் எங்கே புள்ளே நெனவு இருக்குது? கூரையிலே மழை பேயும். அது ஒரு சின்னச் சட்டியிலே இதைக் காய்ச்சும். அந்த வாசம்தான் தெரியும்” என்றார். சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார். நானும் அதன்பிறகு கேட்கவில்லை.

இனிக் கஷாயத்துக்கு வருவோம். தாய்மார்கள் கவனமாகப் படியுங்கள்.

பெரியவர் ஒருவருக்கு வெங்காயத்தாள் 5 தண்டு. பச்சை இலையை நறுக்கி வேறு சமையலுக்கு வைத்துக்கொண்டு, வெள்ளைப் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். வேரை வெட்டி எறியக் கூடாது. மண் போக நன்றாக அலசி, வேரோடு போட வேண்டும். தாவ்சி ஒரு சிறு பிடி, 15 கிராம் அளவு. சமையல் தாவ்சி உப்பில் ஊறியது. ஆகவே அதை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலச வேண்டும். சீன மருந்துக் கடையில் உப்பில்லாத தாவ்சி தனியாகக் கிடைக்கும். அதுதான் உண்மையான மருந்துச் சரக்கு. இஞ்சி மூன்று வில்லை. இஞ்சி பழைய முறையில் இல்லை, பின்னால் வீட்டுப் பெண்கள் சேர்த்துக்கொண்டது என்கிறார்கள். நமக்கு இஞ்சியில்லாமல் எது இறங்குகிறது?

மூன்று கோப்பைத் தண்ணீரில் முதலில் அவரையையும் இஞ்சியையும் போட்டு 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு வெங்காயத் தண்டை லேசாக நசுக்கிப் போட்டு, மூடி போட்டு, 5 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். நம் கஷாயங்களைப் போல எட்டில் ஒன்றாகச் சுண்டும்வரை காய்ச்சினால் தண்டின் வாசனை ஆவியோடு போய்விடும். வாசனை போனால் மருந்தும் போயிற்று என்பது அவர்களுடைய கணக்கு. வடிகட்டிச் சூடாகக் குடித்துவிட்டு, ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, காற்றாடியை நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டும். அரைமணி நேரத்தில் உடம்பு முழுவதும் பூத்தாற்போல மெல்லிய வியர்வை வரும். வியர்வையைத் துடைத்து உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு, கொஞ்சம் சூடான கஞ்சி குடித்துத் தூங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

தேன் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். வெங்காயத்தாளும் தேனும் ஒன்றுக்கொன்று பகை என்பது சீனர்களின் பழைய நம்பிக்கை. அதற்குத் தகுந்த காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அத்தை வீட்டில் இருக்கும்போது தேன் போத்தலைத் தொட எனக்குத் தைரியம் கிடையாது.

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் முக்கியம். உடம்பு சில்லிடுகிறது, முதுகில் குளிர் ஓடுகிறது, தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுகல், லேசான தலைவலி, ஆனால் வியர்வை இல்லை. இந்த நிலைக்குத்தான் இது. நோய் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறது, வீட்டுக்குள் வரவில்லை என்று சீன வைத்தியர்கள் இதைச் சொல்வார்கள். தோலின் துவாரங்களைத் திறந்துவிட்டால் வந்த வழியே போய்விடுமாம். ஏற்கெனவே வியர்த்துக் கொட்டுகிறவருக்கு இது ஆகாது. தொண்டை சிவந்து எரிந்து, சளி மஞ்சளாகி, தாகமெடுத்தால் அது சூட்டுச் சளி. அதற்கு மல்பெரி இலையும் செவ்வந்திப் பூவும் கலந்த வேறொரு கஷாயம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வூ ஜூதோங் என்ற வைத்தியர் அதை எழுதிவைத்தார்.

பால்வெட்டுக் காலத்தில் எங்கள் லயத்தில் யாராவது தும்மினால் போதும், அத்தை சட்டியை எடுத்துவிடுவாராம். விடியுமுன் ஈரத்தில் மரம் வெட்டப் போகிறவர்களுக்கு மேலெல்லாம் குளிர் பிடிப்பது சகஜம். ஆனால் மூன்றாம் நாள் இருமிக்கொண்டு வருகிறவர்களுக்கு நல்ல அர்ச்சனைதான். “பஸ்ஸு போன பொறவு கையைக் காட்டுறியே, நிக்குமா?” என்று கேட்பாராம். இன்றும் எங்கள் தோட்டத்தில் முதியவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இது யாரோ ஒரு தாய் கைபோன போக்கில் கண்டுபிடித்தது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த சீனத் தோழி ஒருத்தி இருக்கிறாள். ஒரு விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள், அத்தை கஷாயம் வைப்பதைப் பார்த்துவிட்டு, “இது புத்தகத்தில் இருக்கிறதே!” என்றாள். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கே ஹோங் என்பவர் எழுதிய அவசர மருத்துவ நூல் அது. கை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு போகக்கூடிய மருந்துக் குறிப்புகள் என்பது அதன் பெயரின் கருத்து. அரண்மனை வைத்தியர்களின் நூல்களில் உள்ள விலையுயர்ந்த சரக்குகளை ஏழைகள் எங்கே போய் வாங்குவார்கள் என்று எண்ணி, வேலியோரத்திலும் அடுப்படியிலும் கிடைக்கும் பொருள்களாகப் பார்த்துத் தொகுத்தாராம். அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது குவாங்டோங் மாநிலத்தின் லுவோஃபு மலையில். நம் பேரா மாநிலத்துக் கண்டனீஸ்காரர்களின் பூர்வீகமும் அந்தக் குவாங்டோங்தான்.

அந்த நூலில் வெங்காயத்தாளுக்குச் சொல்லியிருக்கும் அளவு என்ன தெரியுமா? தண்டு இத்தனை என்று எண்ணிக்கை இல்லை. ஒரு ‘புலிவாய்’ அளவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விரிகிறதே, அந்த இடத்தைச் சீனர்கள் புலிவாய் என்பார்கள். அதற்குள் அடங்கும் ஒரு கொத்து. தோழி இதைச் சொன்னதும் நானும் அவளும் ஒருசேர அத்தையின் கையைப் பார்த்தோம். மேலே நான் 5 தண்டு என்று எழுதியது உங்கள் வசதிக்காக. அத்தை ஒரு நாளும் எண்ணியதில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, அதற்குள் கொத்தைச் செருகிப் பார்த்து, கூடுதலாக இருந்தால் ஒன்றை உருவிப் போடுவார். அத்தைக்குத் தமிழிலேயே கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

அதே நூலில், விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவ் என்ற பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. டு யூயூ என்ற சீன அம்மையார் அந்தக் குறிப்பைப் படித்து, அப்படியானால் கொதிக்க வைக்கக் கூடாது போலும் என்று யோசித்து, 1971ஆம் ஆண்டில் குறைந்த வெப்பத்தில் சாரம் எடுத்தார். அதுதான் மலேரியாவுக்கு இன்று உலகெங்கும் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் மருந்துக்கு வழிவிட்டது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாவுக்கு நம் மக்கள் எத்தனை பேரைப் பலிகொடுத்தோம் என்பது உங்கள் வீட்டுப் பாட்டன் பூட்டன் கதைகளிலேயே இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்துக் கடைத் தாவ்சியைப் புளிக்க வைக்கும்போது மல்பெரி இலையையும் இந்தச் சிங்ஹாவையும் காய்ச்சிய தண்ணீரைத்தான் அவரையில் கலக்கிறார்கள்.

இதைக் கேட்டு, கஷாயத்திலும் நோபல் பரிசு மகிமை இருக்கிறது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மலேரியா மருந்து ஆராய்ச்சிச் சாலையில் சோதித்துத் தேறியது. வெங்காயத்தாள் கஷாயம் அப்படித் தேறியது அல்ல. அது வைரஸைக் கொல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். சளி எப்படியும் ஒரு வாரம் 10 நாளில் தானே போகக்கூடியது. ஆனால் சூடான பானம் வீண் என்றும் சொல்வதற்கில்லை. 2008ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரே பழரசத்தைச் சூடாகவும் சூடில்லாமலும் கொடுத்ததில், இரண்டுமே இருமலுக்கும் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் சற்று இதம் தந்தன. ஆனால் தொண்டை வலியும் குளிரும் அசதியும் குறைந்தது சூடாகக் குடித்தபோது மட்டுமே. இதோடு ஓர் இரவு முழுத் தூக்கமும் சேர்கிறது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, ‘கஷாயம் குடித்திருக்கிறாள், எழுப்பாதே’ என்ற காரணம் இல்லாவிட்டால் மாலை 7 மணிக்குப் படுக்க எந்த வீட்டில் விடுவார்கள்?

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற இன்னொரு சீன வைத்தியர், வியர்வை மெல்லியதாக இருக்க வேண்டும், தண்ணீராக ஓடவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறார். ஒரு வேளையில் குணமானால் மிச்ச மருந்தைக் குடிக்காதே, நிறுத்து என்றும் சொல்லியிருக்கிறார். மருந்து குடித்த பிறகு சூடான கஞ்சி குடிக்கச் சொன்னதும் அவரே. பாட்டிலைக் காலி செய்தால்தான் கொடுத்த காசுக்கு ஈடாகும் என்று நினைக்கும் நமக்கு இந்த அறிவுரை கொஞ்சம் புதிதுதான்.

2019ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டு மலேசியாவில் 1,30,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. என் மகனுக்கு அப்போது 11 வயது. ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்தவன் நெருப்பாகச் சுட்டான். மறுநாளும் இறங்கவில்லை. லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, “பாட்டி கஷாயம் இருக்கையிலே என்னா பயம் டீச்சர்?” என்றார்கள். ஒருத்தி வெங்காயத்தாளே கொண்டுவந்துவிட்டாள். அத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“தும்முனியாடா?”

“இல்லே பாட்டி.”

“மூக்கு ஒழுகுதா?”

“இல்லே. கண்ணுக்குப் பின்னாலே வலிக்குது.”

அத்தை எழுந்து போய் அடுப்பை அணைத்தார். “இது நம்ம கஷாயத்துக்கு உண்டான காய்ச்சல் இல்லே. வண்டியை எடுக்கச் சொல்லு” என்றார். வந்திருந்த பெண்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என் கணவர்கூட, காலையில் போகலாமே என்றார். “காலையிலே நீ போ. இவன் இப்பவே போறான்” என்றார் அத்தை.

இரத்தப் பரிசோதனையில் டெங்கி என்று தெரிந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியபோது நாங்கள் அப்பாடா என்று மூச்சு விட்டோம். தாதி வந்து, இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து சுருண்டுகொள்ளுதல் ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் வியர்க்க வைக்கிறேன் என்று போர்த்திவிட்டு, காய்ச்சல் இறங்கியதைக் கண்டு கஷாயம் வேலை செய்துவிட்டது என்று ஒரு தாய் நிம்மதியாகத் தூங்கியிருந்தால்? அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

ஆகவே சகோதரிகளே, தும்மலும் மூக்கொழுகலும் இல்லாமல் திடீரென்று கடுங்காய்ச்சல் வந்தால் சட்டியை எடுக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் வேண்டாம். வாய்க்காலிலும் சேற்றிலும் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் எங்கே வேலை செய்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அத்தை இந்தக் கஷாயத்தைக் கொடுத்ததே கிடையாது. சோயா ஒவ்வாதவர்களுக்கும் கூடாது.

சீன மருந்துக் கடைக்குப் போனால் சின்சேயிடம் தயங்காமல் பேசுங்கள். நல்ல சின்சே, மருந்தைக் கட்டுமுன், வியர்க்கிறதா இல்லையா, எத்தனை நாளாயிற்று, நாக்கைக் காட்டு என்று கேட்பார். எதுவும் கேட்காமல் எடுத்து நீட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம். தயாரித்து அடைத்த பொட்டலமானால் அதில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. குடித்த மறுநிமிடமே எல்லா வலியும் பறந்துவிட்டால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

எங்கள் பட்டணத்து மருந்துக் கடைக்காரர் அத்தையைக் கண்டால் கண்டனீஸில்தான் பேச்சைத் தொடங்குவார். அத்தை தமிழில் பதில் சொல்வார். அவர் மலாய்க்கு வருவார், அத்தையும் மலாய்க்கு வருவார். இருபது ஆண்டுகளாக இந்த மூன்று மொழி வியாபாரம் நடக்கிறது. அவர் சிறிய கைத்தராசில் தாவ்சியை நிறுக்கும்போது, அத்தை ஒரு மணியை எடுத்து முகர்ந்து பார்ப்பார். சில சமயம் தலையை ஆட்டி வேண்டாம் என்பார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு டப்பாவைக் கொண்டுவருவார்.

இப்போது அத்தைக்கு இரத்த அழுத்தம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ஆகவே உப்பில்லாத தாவ்சியையே வாங்குகிறோம். அதில் ருசியே இல்லை என்பது அத்தையின் கட்சி. போன மாதம் அவருக்கே சளி பிடித்தது. நான்தான் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, “வேரை வெட்டிட்டியா?” என்று கேட்டார். இல்லை அத்தை, வேரோடுதான் போட்டேன் என்றேன். மிச்சத்தைக் குடித்துவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.